ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப் தனித்தனியாக வேண்டுமா? ஒற்றைப் பெட்டி போதாதா?

வாசகர் ஒருவர் எழுதிய கேள்வி இது. பன்னிரண்டு ஆண்டுகளாக உழைக்கும் ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 50 வாட். அலமாரியில் வைக்கிற அளவில் இரண்டு ஸ்பீக்கர்கள். 8 ஓம், உணர்திறன் 86 டெசிபல் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கும் அளவு). அறை நான்குக்கு ஐந்து மீட்டர். ஒரு டர்ன்டேபிள் உண்டு, மற்ற நேரத்தில் கைப்பேசியிலிருந்து பாட்டு. வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. டிவியை இணைக்க வழியில்லை. நண்பர் ஒருவர், “இதைக் கொடுத்துவிட்டு ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப், டி.ஏ.சி. என்று தனித்தனியாக வாங்கு, அப்போதுதான் உண்மையான ஒலி கிடைக்கும்” என்கிறார். (டி.ஏ.சி. என்பது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவி.) அவர் பேச்சைக் கேட்கலாமா?

பாதியைக் கேட்கலாம். பிரிக்க வேண்டும் என்பது சரி. அவர் பிரிக்கச் சொல்லும் இடம்தான் தவறு. ப்ரீ ஆம்ப்பையும் பவர் ஆம்ப்பையும் பிரிப்பதால் உங்கள் அறையில் காதுக்குத் தெரிகிற லாபம் அநேகமாக இருக்காது. சீக்கிரம் கிழடாகிற பகுதியை, நெடுநாள் வாழ்கிற பகுதியிலிருந்து பிரிப்பதில்தான் லாபம். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர் என்பது இரண்டு வேலைகளை ஒரே கூட்டுக்குள் செய்யும் பெட்டி. முன்பாதியான ப்ரீ ஆம்ப், எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறது, வால்யூமைக் கூட்டிக் குறைக்கிறது, இசைத்தட்டின் நலிந்த மின்னலையைத் தூக்கிவிடுகிறது. பின்பாதியான பவர் ஆம்ப், ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கத் தேவையான மின்னோட்டத்தைக் கொடுக்கிறது. முன்பாதியில் கைகாரியம், பின்பாதியில் பளு தூக்குதல். இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் வைப்பது பழைய வழக்கம். வால்வு காலத்தில் அதற்கு நல்ல காரணமும் இருந்தது. 1953இல் வந்த ‘குவாட் II’ வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள். சூடாகிற வால்வுகளும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர்களும் கொண்ட பவர் ஆம்ப்பை மரப்பெட்டிக்குள் அடியில் தள்ளிவிடலாம். கைக்கு எட்டுகிற இடத்தில் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் இருக்கும். அந்தச் சிறிய பெட்டிக்கு மின்சாரம்கூடப் பவர் ஆம்ப்பிலிருந்துதான் போகும். வெப்பமும் எடையும் சேர்ந்து கட்டாயப்படுத்திய ஏற்பாடு அது.

டிரான்சிஸ்டர் வந்ததும் வெப்பம் குறைந்தது, எடை குறைந்தது, இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கின. 1978இல் வந்த நாட் (NAD) நிறுவனத்தின் 3020 ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர்தான்; அறிவித்த திறன் வெறும் 20 வாட். கண்டிப்பான ரசிகர்கள் பலரையும் அது கவர்ந்தது. அதன் முதுகுப் பக்கம் ப்ரீ ஆம்ப்பின் வெளிவாயையும் பவர் ஆம்ப்பின் உள்வாயையும் இணைக்கும் சிறிய உலோகப் பாலங்கள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் அது இரண்டு கருவிகள், மாட்டினால் ஒன்று. பிரிவினை என்கிற பெரிய தத்துவம் இரண்டு விரல் நீளக் கம்பியில் முடிந்துவிடுகிறது. (இதற்கு நேர்மாறான வேடிக்கையும் நடந்தது. 1980களின் அடுக்கு ஸ்டீரியோக்கள் சிலவற்றில் முகப்பில் மட்டும் நான்கு கருவிகள் மாதிரிக் கோடு கிழித்திருப்பார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் ஒரே பெட்டி, ஒரே மின்கம்பி.)

இனி ப்ரீ ஆம்ப் என்ற பெயரைக் கவனியுங்கள். முன்கூட்டிப் பெருக்குவது என்று பொருள். இன்றைக்கு அது பெரும்பாலும் பெருக்குவதே இல்லை. சிடி பிளேயரோ டி.ஏ.சி.யோ முழு அளவில் 2 வோல்ட் கொடுக்கும். பவர் ஆம்ப்பின் பெருக்கம் வழக்கமாக 26 டெசிபலுக்கு மேல், அதாவது குறைந்தது 20 மடங்கு. 2 வோல்ட் உள்ளே போனால் 40 வோல்ட் வெளியே வரவேண்டும். 8 ஓமில் அது 200 வாட். உங்கள் 50 வாட்டுக்குத் தேவையானதோ 20 வோல்ட்தான், அதாவது உள்ளே 1 வோல்ட் போதும். ஆக, வருகிற 2 வோல்ட்டைக் குறைப்பதுதான் ப்ரீ ஆம்ப்பின் அன்றாட வேலை. குறைப்பதற்காகத் தனிப்பெட்டி, தனி டிரான்ஸ்ஃபார்மர், தனிக் கேபிள் எல்லாம் வாங்குகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

டர்ன்டேபிள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே பிரிப்பதற்கு இயற்பியலில் நியாயம் இருக்கிறது. மூவிங் மேக்னட் (காந்தம் அசையும் வகை) ஊசி கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் (கம்பிச்சுருள் அசையும்) வகையில் பல 0.3 மில்லிவோல்ட் அளவில்தான் கொடுக்கும். அந்த 0.3 மில்லிவோல்ட்டும் ஸ்பீக்கர் முனையில் 20 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் இடையே அறுபதாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர் தன் காந்தப்புலத்தை அள்ளி வீசிக்கொண்டிருக்கும். போதாததற்கு, இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துத்தான் பதிக்கிறார்கள். திரும்ப ஒலிக்கும்போது 20 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறத்தாழ 20 டெசிபல் தூக்கிவிட வேண்டும். மின்கம்பியின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் குடியிருப்பதும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான். இசையைத் தூக்கும்போது அதையும் சேர்த்துத் தூக்குகிறோம். எனவே மூவிங் காயில் ஊசிக்கு மாறுகிற நாளில் தனி ஃபோனோ பெட்டி (இசைத்தட்டின் மின்னலையை மட்டும் தூக்கிவிடும் கருவி) வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள எதிலிருந்தும் ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள். மூவிங் மேக்னட்டாகவே இருக்கும்வரை இப்போது உள்ளே இருப்பது போதும்.

தனிப்பெட்டிகள் புதிய தொல்லைகளையும் கூடவே கூட்டிவரும். என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஆசை ஆசையாக ப்ரீ ஆம்ப் ஒன்றும் பவர் ஆம்ப் ஒன்றும் வாங்கி அடுக்கினேன். இணைத்து முடித்து, பாட்டுப் போடும் முன்பே அறை முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை. இரண்டு நாள் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒவ்வோர் இணைப்பாகப் பிடுங்கிக்கொண்டே வந்ததில், டிவியின் ஆண்டெனாக் கம்பியை உருவியதும் சட்டென்று அமைதி. நடந்தது இதுதான்: பவர் ஆம்ப்புக்கு ஓர் எர்த், ஆண்டெனாக் கம்பிக்கு எங்கோ வெளியில் இன்னோர் எர்த். இரண்டுக்கும் இடையிலுள்ள சிறிய வோல்டேஜ் வேறுபாடு, ஒலிக் கேபிளின் வெளியுறை வழியாகச் சுற்றிவந்து இசையோடு கலந்துவிட்டது. இதை எர்த் சுற்று என்பார்கள். ஒற்றைப் பெட்டியிலும் வரலாம். ஆனால் பெட்டி கூடக்கூட, ஒவ்வொன்றுக்கும் எர்த் கம்பி இருந்தால், வாய்ப்பும் கூடும். தீர்வு எளிது: எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்க வையுங்கள், ஆண்டெனாக் கம்பிக்குத் தனிமைப்படுத்தும் இணைப்பான் போடுங்கள். எர்த் முள்ளை வெட்டிவிடு, ஓசை போய்விடும் என்று சொல்லும் அறிவாளிகள் எங்கும் இருக்கிறார்கள். ஓசை போகும், பழுது ஏற்படும் நாளில் உயிரும் போகலாம். செய்யாதீர்கள்.

ஓசை போன பிறகு அந்த ஜோடி நன்றாகத்தான் பாடியது. பழைய ஒற்றைப் பெட்டியைவிட நன்றாகப் பாடியதா? அப்போது சத்தியம் செய்திருப்பேன். பிறகு ஒரு மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்து, இரண்டின் ஒலி அளவையும் சமமாக்கிக் கேட்டேன். ஒன்றில் 2.00 வோல்ட், மற்றதில் 2.02 வோல்ட், அவ்வளவு நெருக்கம் வேண்டும். நண்பர் மாற்றி மாற்றிப் போட, எது ஓடுகிறது என்று தெரியாமல் நான் சொல்ல வேண்டும். சொன்னதில் பாதிதான் சரி. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அதே மதிப்பெண் வந்திருக்கும். முன்பு புதியது நன்றாகக் கேட்டதன் ரகசியம், அதன் பெருக்கம் கொஞ்சம் கூடுதல் என்பது மட்டுமே. ஒரு டெசிபல் உரத்துக் கேட்டாலே மனம் அதை ‘தெளிவு’ என்று பெயர் சூட்டிக்கொள்கிறது. நல்ல நிலையிலுள்ள இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், திறனைத் தாண்டி விரட்டாதவரை, ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பது அன்றிலிருந்து என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களிடம் மல்டிமீட்டரை நீட்டுவேன்.

‘திறனைத் தாண்டி விரட்டாதவரை’ என்பதுதான் அதில் முக்கியமான சொற்றொடர். உங்கள் 50 வாட் போதுமா? 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டும் தலா ஒரு வாட் வாங்கினால், சுமார் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 80 டெசிபலையொட்டிக் கேட்கும். வீட்டில் சாதாரணமாகக் கேட்பது அதற்கும் கீழே, அரை வாட்டுக்குள் முடிகிற கதை. 50 வாட் என்பது ஒரு வாட்டைவிட 17 டெசிபல் அதிகம். ஆக, இசையின் உச்சங்களுக்கு 97 டெசிபல் வரை இடம் இருக்கிறது. 100 வாட் வாங்கினால் மேலும் 3 டெசிபல், அவ்வளவுதான். இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்கு 500 வாட். பவர் ஆம்ப் விற்பவர்கள் வாட்டைச் சொல்வார்கள், டெசிபலைச் சொல்ல மாட்டார்கள்.

கணக்கு வேண்டாம், அளந்தே பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. உங்களிடம் உள்ளதிலேயே மெல்லப் பதிவான ஒரு பாட்டை, இதற்கு மேல் கேட்கவே மாட்டேன் என்கிற அளவுக்கு உரக்க வைத்துக் கேளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமையும் கைப்பேசியின் வால்யூமையும் இனித் தொடக்கூடாது. பாட்டை நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி போட்டு, முழு அளவுக்கு 12 டெசிபல் குறைவாகப் பதிந்த 60 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை அதே கைப்பேசியிலிருந்து ஓட விடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 12 டெசிபல் குறைவு என்றால் வோல்டேஜில் நான்கில் ஒன்று; எனவே வருகிற எண்ணை நான்கால் பெருக்கினால் உங்கள் உச்சத் தேவை. 2 வோல்ட் காட்டினால் 8 வோல்ட். 8ஐ 8ஆல் பெருக்கி 8 ஓமால் வகுத்தால் 8 வாட். முதன்முறை செய்தபோது எனக்கு வந்தது அதைவிடக் குறைவு. கைவசம் இருந்ததோ 150 வாட் பவர் ஆம்ப். நீண்ட நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே எச்சரிக்கை: வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக்கூடாது, அதன் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகலாம். உங்களுடையது டிரான்சிஸ்டர் வகையாக இருந்தால் பயமில்லை.

அப்படியானால் தனிப் பவர் ஆம்ப் யாருக்குத்தான் வேண்டும்? உணர்திறன் மிகக் குறைந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு வேண்டும். 8 ஓம் என்று பின்பக்கம் எழுதியிருந்தும் சில அதிர்வெண்களில் 3 ஓமுக்கு இறங்கிவிடும் ஸ்பீக்கர்கள் உண்டு. அங்கே அதே வோல்டேஜுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும்; எளிய ஒற்றைப் பெட்டிகள் திணறும். வாங்கும் எதிலும் 8 ஓம் வாட்டை மட்டும் பார்க்காமல் 4 ஓம் வாட்டையும் பாருங்கள். அதைப் போடாமலேயே விட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். பெரிய கூடம், ஸ்பீக்கர் பக்கத்திலேயே பவர் ஆம்ப்பை வைக்க வேண்டிய தூரம், இவையும் நியாயமான காரணங்கள். சப்வூஃபர் சேர்த்து, தாழ்ந்த ஒலிகளைப் பிரதான ஸ்பீக்கர்களுக்குப் போகாமல் வெட்ட விரும்புகிறவர்களுக்கும், அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் கருவியை நடுவில் நுழைக்க விரும்புகிறவர்களுக்கும் ப்ரீ, பவர் இரண்டுக்கும் இடையே ஒரு வாசல் வேண்டும். அதற்கும் முழுப் பிரிவினை தேவையில்லை. முதுகில் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ வாய்கள் உள்ள ஒருங்கிணைந்த ஆம்ப்ளிஃபயர் போதும்.

பிரித்தே தீருவேன் என்றால் பொருத்தம் பார்த்துப் பிரியுங்கள். பவர் ஆம்ப்பின் உள்வாய் மின்தடை, ப்ரீ ஆம்ப்பின் வெளிவாய் மின்தடையைப் போலப் பத்து மடங்காவது இருக்கட்டும். பெருக்கம் அதிகமான இரண்டைச் சேர்த்தால் வால்யூம் குமிழைத் தொட்டதுமே வீடு அதிரும். பயன்படும் பகுதி குமிழின் தொடக்கக் கோடியில் முடங்கிவிடும். அந்தக் கோடியில்தான் குமிழின் இடது வலது அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பார். ஒரே நிறுவனம் ஒரே பெட்டிக்குள் செய்யும்போது இந்தப் பொருத்தத்தை வடிவமைப்பாளரே பார்த்துவிடுகிறார்.

இப்போது நான் முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்: எது சீக்கிரம் கிழடாகிறது? நல்ல ஆம்ப்ளிஃபயர் இருபது, முப்பது ஆண்டு தாங்கும். அதில் முதலில் தளர்வது மின்தேக்கிகளும் (கெபாசிட்டர்) குமிழ்களும் ரிலேக்களும். எல்லாம் பழுது பார்ப்பவர் மாற்றித் தரக்கூடியவை. (மின்தேக்கியின் ஆயுள், 10 டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆம்ப்ளிஃபயர் தலையில் துணி போர்த்தாதீர்கள்.) டிஜிட்டல் பகுதியின் கதையே வேறு. இணையத்திலிருந்து பாட்டு இழுக்கும் வசதி, செயலி, டிவி இணைப்பு எல்லாம் சில ஆண்டுகளில் உருமாறுகின்றன. எல்லாம் உள்ளே அடங்கிய அழகான ஒற்றைப் பெட்டி ஒன்று என்னிடமும் இருந்தது. தயாரித்தவர்கள் ஒருநாள் செயலியைப் புதுப்பிப்பதை நிறுத்தினார்கள். ஆம்ப்ளிஃபயர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது, அதன் மூளை மட்டும் செத்துவிட்டது. கடைசியில் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்ட்ரீமரை (இணையத்திலிருந்து பாட்டு இழுத்துத் தரும் பெட்டி) வைத்து ஓட்டினேன். உள்ளே செத்துக்கிடந்த பகுதிக்கும் நான் காசு கொடுத்திருந்தேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: ஆம்ப்ளிஃபயரைக் கொடுக்காதீர்கள். எச்டிஎம்ஐ ஏஆர்சி வாய் உள்ள சிறிய ஸ்ட்ரீமர் ஒன்று வாங்குங்கள். டிவியின் ஒலியை அதே கம்பி வழியே திருப்பி அனுப்பும் இந்த வசதி 2009இல் எச்டிஎம்ஐ 1.4இலேயே வந்துவிட்டது, டிவியின் ரிமோட்டிலேயே பெரும்பாலும் வால்யூமும் மாறும். டி.ஏ.சி. அதற்குள்ளேயே இருக்கும், தனியாகத் தேட வேண்டாம். அதன் வெளிவாயிலிருந்து இரண்டு கம்பி ஆம்ப்ளிஃபயரின் சிடி வாய்க்கு. ஐந்தாறு ஆண்டு கழித்து அது கிழடானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மிச்சமாகிற பணத்தையும் உழைப்பையும் அறையில் போடுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி செய்வார்கள். ஒலி விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். உங்கள் ஐந்து மீட்டர் நீளம் 34 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் நான்கு மீட்டர் அகலம் 43 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் ஒலியைத் தேக்கி வைக்கும், அவற்றின் மடங்குகளிலும் அப்படியே. அதனால் வரும் ஏற்ற இறக்கம் 10 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எந்த ப்ரீ ஆம்ப்பும் அதைத் தொடாது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னால் இழுத்துப் பாருங்கள். ஸ்பீக்கர்களை அலமாரிக்குள் இருந்து வெளியே எடுத்து, மேலே உள்ள சிறிய டுவீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வருமாறு தாங்கிகளில் நிறுத்துங்கள்.

கரகரப்புக்கு, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு நன்றாக ஆறவிட்டு, மூடியைத் திறந்து, வால்யூம் குமிழின் பின்னாலுள்ள இடுக்கில் மின்தொடர்பு சுத்தம் செய்யும் தெளிப்பானை ஒருமுறை அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருப்புங்கள். உள்ளே பெரிய மின்தேக்கிகளின் பக்கம் விரலைக் கொண்டுபோக வேண்டாம். தயக்கமாக இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், சின்ன வேலைதான். ஒரு மாதத்தில் கரகரப்பு திரும்பினால் குமிழையே மாற்றச் சொல்லுங்கள். பிறகு அந்த மல்டிமீட்டர் சோதனை. 50 வாட் ஆம்ப்ளிஃபயரின் எல்லை 20 வோல்ட், அதில் நான்கில் ஒன்று 5. மீட்டர் 5 வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் மறுபடி எழுதுங்கள், பவர் ஆம்ப் பற்றிப் பேசலாம்.